ஒப்பிடப் போய் எழுதிவிட்டு வந்த கெர்னல்: ஈ1000ஈ நிகழ்வு ஆய்வு

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் லினக்ஸ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டிக்கொண்டிருந்த சிலருக்கு ஒரே மாதிரியான தலைவலி வந்தது. மெஷினை மறுபடி பூட் செய்தால் கம்பிவழி நெட்வொர்க் இல்லை. சோதனைக் கெர்னல்தானே, இது நடக்கக்கூடியதுதான் என்று பழைய கெர்னலுக்குத் திரும்பினால் அங்கும் இல்லை. வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினாலும் இல்லை. பவரை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாலும் பயனில்லை. மென்பொருளில் பிறந்த பிழை வன்பொருளுக்குள் போய்க் குடியேறிவிட்டிருந்தது.

கெர்னல் லாகில் இருந்தது ஒரே ஒரு வரி. 0000:00:19.0 என்ற பிசிஐ (சாதனங்களை பிராசசரோடு இணைக்கும் பஸ்) முகவரியில் உள்ள சாதனத்தின் என்விஎம் (பவர் போனாலும் மறக்காத நினைவகம்) செக்சம், அதாவது உள்ளடக்கம் சரியா என்று பார்க்கும் கூட்டுத்தொகை, செல்லாது என்றது அது. அதோடு, சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் கையை விரித்துவிட்டது.

ஓப்பன்சூசே, உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் அப்போதைய சோதனைப் பதிப்புகளில் இந்தக் கெர்னல்தான் இருந்தது. புகார்கள் சேரச் சேர, உபுண்டு தன் 8.10 சோதனைப் பதிப்பில் ஈ1000ஈ டிரைவரையே முடக்கி வைத்தது. அப்போது புதிதாக வந்த பல இன்டெல் லேப்டாப்புகளில் இருந்த நெட்வொர்க் டிரைவர் அது. அதை முடக்குவது என்றால் எத்தனை பயம் இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிகழ்வைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டமும் ஹார்டுவேர் பஸ்ஸும் சந்திக்கும் இடத்தில் எது தவறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து வேறில்லை. தவறிழைத்த கோடு, அதாவது நிரல், நெட்வொர்க் டிரைவரில் இல்லை. பிசிஐ பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒரு வசதியில் இருந்தது.

செத்தது எது

ஐசிஹெச்8, ஐசிஹெச்9 வகை சிப்செட்டுகளில் கிகாபிட் நெட்வொர்க் கன்ட்ரோலர் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று தனி ஈப்ராம் (அழியாத நினைவகச் சிப்) கிடையாது. பயாஸ் குடியிருக்கும் அதே எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பில் ஒரு மூலையை அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மேக் முகவரி, சாதன அடையாள எண், எல்ஈடி எப்படி எரிய வேண்டும் என்பது போன்றவை அங்கே இருக்கும். அதன் முதல் 64 சொற்களை, ஒவ்வொன்றும் 16 பிட், கூட்டினால் கடைசி 16 பிட்டில் 47,802 வர வேண்டும். பதினாறடிமானத்தில் எழுதினால் 'பிஏபிஏ'. யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே தேர்ந்தெடுத்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

டிரைவர் எழுந்ததும் இந்தக் கூட்டலைச் செய்து பார்க்கும். தப்பாக வந்தால் சாதனத்தைத் தொடாமல் விலகிவிடும். சரியான முன்னெச்சரிக்கைதான். ஆனால் இங்கே அதுவே முடிச்சாகிவிட்டது. ஈத்டூல் என்ற கருவியால் என்விஎம்மைத் திரும்ப எழுதலாம். அந்தக் கருவி வேலை செய்ய நெட்வொர்க் இடைமுகம் இருக்க வேண்டும். டிரைவர் ஏறாமல் இடைமுகம் வராது. என்விஎம் நகலை முன்பே எடுத்து வைத்திருந்தவர்களுக்காவது எழுதிப்போட ஏதோ கையில் இருந்தது. மற்றவர்களிடம் அதுவும் இல்லை.

முதல் சந்தேகம்

முதலில் பழி விழுந்தது திரையில் வரையும் வேலையைச் செய்யும் எக்ஸ் சர்வர் மீது. அது அநியாயமான சந்தேகமும் இல்லை. அந்தக் காலத்து எக்ஸ் சர்வர் ரூட் உரிமையோடு ஓடும், பிசிஐ சாதனங்களின் முகவரிப் பரப்பை நேரடியாகத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளும். வீடியோ கார்டுக்கு எழுத வேண்டியதைத் தவறிப்போய்ப் பக்கத்துச் சாதனத்தில் எழுதியிருந்தால்? புகார்கள் சிலவற்றில் திரை உறைந்துபோனதும் கூடவே வந்ததால் இந்தக் கதை பொருந்தியது.

அடுத்த சந்தேகம் டிரைவர் மீதே. ஃபிளாஷையும், கம்பியில் சிக்னலைக் கையாளும் பிஎச்ஒய் சிப்பையும் மென்பொருள், ஃபர்ம்வேர் ஆகிய இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. யார் கையில் இப்போது சாவி என்பதைக் குறிக்க ஒரு ரெஜிஸ்டரில் (சாதனத்துக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கட்டம்) ஒரு பிட் உண்டு. டிரைவருக்குள்ளேயே இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் அந்தச் சாவிக்கு மோத முடியும் என்று தேடும்போது தெரிய வந்தது. இண்டரப்ட் (சாதனம் பிராசசரைக் குறுக்கிட்டு அழைப்பது) நேரத்தில் தூங்கக் கூடாத இடத்தில் தூங்கும் கோடும் அகப்பட்டது. எல்லாம் உண்மையான பிழைகள், எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். ஆனால் திருடன் இவர்களில் இல்லை.

பிழை தேடும்போது இது வழக்கமாக நடப்பதுதான். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தூசி தெரியும். தூசி தெரிந்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும்.

ஒரு உத்தரவு எத்தனை கை மாறுகிறது

சம்பவத்துக்குப் போகும் முன், டிரைவர் "இந்த ரெஜிஸ்டரில் இந்த எண்ணைப் போடு" என்று சொன்னால் நடப்பதை ஒரு தடவை பின்தொடர்ந்து பார்த்துவிடலாம்.

பூட் ஆகும்போது ஒவ்வொரு பிசிஐ சாதனத்திடமும் உனக்கு எவ்வளவு முகவரிப் பரப்பு வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்கும் முறையே விசித்திரமானது. சாதனத்தின் பிஏஆர் ரெஜிஸ்டரில் எல்லா பிட்டையும் 1 ஆக எழுதித் திரும்பப் படிக்க வேண்டும். எந்த பிட்டுகள் 0 ஆகவே நிற்கின்றனவோ அவை அளவைச் சொல்லும். நம் நெட்வொர்க் கன்ட்ரோலர் இரண்டு மெமரிப் பரப்பு கேட்கிறது: பொது ரெஜிஸ்டர்களுக்கு 128 கிலோபைட், ஃபிளாஷ் ரெஜிஸ்டர்களுக்கு 4 கிலோபைட். இரண்டுக்கும் இயற்பியல் முகவரி ஒதுக்கப்படுகிறது. டிரைவர் ஐஓரீமேப் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் கெர்னல் தன் மெய்நிகர் முகவரிகளில் காலியான இடம் ஒன்றைப் பிடித்து அந்த இயற்பியல் முகவரியோடு கட்டிவிடுகிறது. 'கேஷ் செய்யாதே' என்ற குறியும் பேஜ் டேபிளில் (மெய்நிகர் முகவரி எந்த இயற்பியல் முகவரி என்று சொல்லும் அட்டவணை) ஏறிவிடும்.

இனி அங்கே எழுதும் ஒவ்வொரு கட்டளையும் சாதாரண மெமரிக் கட்டளைதான். பிராசசர் பேஜ் டேபிளைப் பார்த்து இயற்பியல் முகவரியைக் கண்டுபிடிக்கிறது. அந்தக் காலத்துக் கோர் 2 மெஷின்களில் உத்தரவு ஃப்ரன்ட் சைடு பஸ்ஸில் ஏறி மெமரி கன்ட்ரோலருக்குப் போகும். அது முகவரியைப் பார்த்து, ரேமுக்கு உரியதல்ல என்று தெரிந்துகொண்டு, டிஎம்ஐ இணைப்பு வழியாக, சாதனங்களைக் கவனிக்கும் சிப்பான சவுத்பிரிட்ஜுக்குத் தள்ளிவிடும். அங்கே பஸ் 0-இல் 25ஆம் சாதனம், பதினாறடிமானத்தில் 19, இந்த முகவரி என்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். வந்த உத்தரவு ஃபிளாஷ் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டருக்கானது, அதில் 'தொடங்கு' பிட் 1 ஆக இருக்கிறது என்றால், எஸ்பிஐ கன்ட்ரோலர் நாலு கம்பியில் பிட் பிட்டாகப் பேசி ஃபிளாஷ் சிப்பில் படிக்கவோ எழுதவோ அழிக்கவோ செய்யும்.

ஒரு ஸ்டோர் கட்டளைக்கு இத்தனை மொழிபெயர்ப்பு. இந்த வழி நெடுக எங்கேயும் 'எழுதச் சொன்னது யார்' என்ற கேள்வி எழவே இல்லை. முகவரி சரியாக இருந்தால் உத்தரவு நடக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரேமில் ஒரு இடத்தைப் படித்து, அதே மதிப்பைத் திரும்ப எழுதினால் எதுவும் மாறாது. ரெஜிஸ்டரில் அந்த உத்தரவாதம் கிடையாது. இதே கன்ட்ரோலரின் ஃபிளாஷ் நிலை ரெஜிஸ்டரில் சில பிட்டுகள் 1 எழுதினால் 0 ஆகிற ரகம். இண்டரப்டுக்குக் காரணம் சொல்லும் ரெஜிஸ்டரோ, படித்தாலே காலியாகிவிடும். சாதனத்துக்கு அனுப்பும் எழுத்துகள் (எழுதும் உத்தரவுகள்) உடனே போய்ச் சேரும் என்றும் சொல்ல முடியாது. வழியில் வரிசையில் காத்திருக்கும். போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளவே ஈ1000ஈ டிரைவர் நிலை ரெஜிஸ்டரைச் சும்மா ஒருமுறை படித்துப் பார்க்கிறது. படிப்பின் பதில் வர வேண்டுமானால் முன்னே நிற்கும் எழுத்துகள் நகர்ந்தாக வேண்டும் என்ற பஸ் விதிதான் அதற்கு ஆதாரம்.

முகவரியைப் பார்த்தால் மெமரி, நடத்தையைப் பார்த்தால் அஞ்சல் நிலையம். அதனால்தான் கெர்னல் இந்த முகவரிகளைச் சாதாரணப் பாயிண்டர் போலத் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்கிறது; தனி ஃபங்ஷன்கள் வைத்திருக்கிறது; 'ஐஓமெம்' என்று வகைக்குறி போட்டு, ஸ்பார்ஸ் என்ற நிரல் சோதனைக் கருவியை விட்டுச் சோதிக்கவும் செய்கிறது. இந்தக் காவல் எல்லாம் 'நான் தொடப்போவது சாதனம்' என்று தெரிந்து தொடுகிறவனுக்குத்தான்.

எஃப்டிரேஸ் உள்ளே வருகிறது

2.6.27-இல் புதிதாகச் சேர்ந்த வசதி எஃப்டிரேஸ். கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று பின்தொடரும் கருவி. இதை முன்னின்று எழுதியவர் ஸ்டீவன் ராஸ்டெட். வேலை செய்யும் விதம் அழகானது. கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் எம்கவுண்ட் என்ற ஃபங்ஷனுக்கு ஒரு அழைப்பைச் செருகும். எக்ஸ்86-இல் அது 5 பைட். யாரும் பின்தொடராத நேரத்தில் ஆயிரக்கணக்கான இந்த அழைப்புகள் வீண் சுமை. எனவே டைனமிக் எஃப்டிரேஸ் அவற்றை, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலேயே, ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றிவிடும்.

முதல் பதிப்பில் அது இரண்டு கட்டமாக நடந்தது. ஒரு ஃபங்ஷன் முதன்முறை ஓடி எம்கவுண்டைக் கூப்பிட்டதும் அந்த இடத்தின் முகவரி ஒரு பட்டியலில் ஏறும். பின்னணியில் ஒரு கெர்னல் த்ரெட் நொடிக்கு ஒருமுறை விழித்து, மற்ற கோர்களை எல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு, பட்டியலில் உள்ள இடங்களைத் திருத்தும்.

பட்டியலில் ஏறுவதற்கும் திருத்துவதற்கும் இடையே ஒரு நொடி வரை போகலாம். ஒரு நொடி என்பது கெர்னலுக்கு நீண்ட காலம்.

அந்த இடைவெளியில் கோடே காணாமல் போகலாம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். மாட்யூலின் (கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றும் துண்டு) தொடக்கக் கோடு ஒருமுறைதான் ஓடும். ஓடி முடிந்ததும் அந்த மெமரி விடுவிக்கப்படும். எனவே இரண்டு காவல் போட்டார்கள். அந்த முகவரியில் இப்போது எதுவுமே இல்லையென்றால் பேஜ் ஃபால்ட் என்ற பிழை அறிவிப்பு வரும். அதைப் பிடித்து விட்டுவிடலாம். வேறு ஏதாவது இருந்தால், முதலில் ஒப்பிட்டுப் பார்த்து, பழைய எம்கவுண்ட் அழைப்பு இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். ஒப்பிட்டு மாற்றுவதற்கென்றே பிராசசரில் ஒரு கட்டளை இருக்கிறது: கம்பேர்-எக்ஸ்சேஞ்ச். பொருந்தினால் புதியதை எழுதும். பொருந்தாவிட்டால் எழுதாது.

கடைசி வாக்கியம்தான் தவறு.

இன்டெல் பிராசசர் கையேட்டில் இந்தக் கட்டளைக்கான பக்கத்தில் எழுதியிருப்பது இதுதான்: ஒப்பீட்டின் முடிவு எதுவானாலும் அந்த முகவரிக்கு ஒரு எழுதும் சுழற்சி போகும், பொருந்தாவிட்டால் படித்த பழைய மதிப்பே திரும்ப எழுதப்படும். காரணத்தையும் அங்கேயே சொல்கிறார்கள்: பிராசசரின் பஸ் இடைமுகத்தை எளிமையாக வைத்திருக்க. பூட்டுப் போட்டு ஒரு படிப்பை அனுப்பினால், பூட்டோடு ஒரு எழுத்தும் அதன் பின்னால் போய்த்தான் தீரும். பிராசசர் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு நிற்பதில்லை.

எனக்கு இந்த நிகழ்வு முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. புரோகிராமர் பார்த்தது கட்டளையின் அர்த்தத்தை: 'பொருந்தாவிட்டால் மாறாது'. ரேமைப் பொறுத்தவரை அது நூற்றுக்கு நூறு உண்மை, ஏனென்றால் அதே மதிப்பு திரும்பப் போகிறது. பஸ்ஸைப் பொறுத்தவரை அது ஒரு முழுமையான எழுத்து. மற்ற கோர்களை நிறுத்தியாயிற்று, ஃபால்ட்டைப் பிடித்தாயிற்று, ஒப்பிட்டாயிற்று. எல்லாக் காவலும் பிராசசர் பக்கத்துக் காவல். பஸ்ஸின் மறுமுனையில் இருப்பது ரேமாக இல்லாமல் போகலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

அந்த ஒரு நொடி

இனி கோத்துப் பார்க்கலாம். 32 பிட் எக்ஸ்86 கெர்னலில் மாட்யூல்களின் கோடுக்கு இடம் கிடைப்பது விமேலாக் என்ற மெய்நிகர் முகவரிப் பரப்பில். ஐஓரீமேப் இடம் பிடிப்பதும் அதே விமேலாக் பரப்பில்தான்.

பூட் நேரம். ஏதோ ஒரு மாட்யூல் ஏறுகிறது. அதன் தொடக்க ஃபங்ஷன் ஓடுகிறது. எம்கவுண்ட் அழைப்பின் முகவரி எஃப்டிரேஸ் பட்டியலில் ஏறுகிறது. தொடக்கம் முடிந்ததும் அந்த மெமரி விடுவிக்கப்படுகிறது. அடுத்து ஈ1000ஈ ஏறுகிறது. தன் 4 கிலோபைட் ஃபிளாஷ் பரப்பை மேப் செய்யச் சொல்கிறது. கெர்னல் காலி இடம் தேடுகிறது. சற்று முன் காலியான அதே முகவரி கையில் அகப்படுகிறது. இப்போது எஃப்டிரேஸ் த்ரெட் விழிக்கிறது. பட்டியலில் உள்ள முகவரிக்குப் போய் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் செய்கிறது. பேஜ் இருக்கிறது, அதனால் ஃபால்ட் இல்லை. எம்கவுண்ட் இல்லை, அதனால் ஒப்பீடு பொருந்தவில்லை. 'சரி, ஒன்றும் செய்யவில்லை' என்று அடுத்த முகவரிக்குப் போய்விடுகிறது.

பஸ்ஸில் ஒரு எழுத்து போய்விட்டது. நெட்வொர்க் கன்ட்ரோலரின் ஃபிளாஷ் பக்கத்தில் போய் விழுந்துவிட்டது.

எந்த மாட்யூல் எந்த வரிசையில் ஏறுகிறது, எவ்வளவு மெமரி பிடிக்கிறது, த்ரெட் எந்தக் கணத்தில் விழிக்கிறது என்று எல்லாம் ஒத்துவர வேண்டும். அதனால்தான் ஒரே மாடல் லேப்டாப்பில் ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு வரவில்லை. வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கலாம் என்றாலோ, ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு மெஷின் பலி. வழக்கமாகக் கெர்னல் பிழையைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுவார்கள். தடவைக்கு ஒரு நெட்வொர்க் கார்டு போகும் என்றால் எத்தனை பேர் அதற்கு முன்வருவார்கள்?

சாவது நெட்வொர்க் கார்டாக இருந்தது தற்செயல். அதே இடத்தில் வேறு எந்தச் சாதனத்தின் பரப்பு வந்திருந்தாலும் எழுத்து அங்கே போய் விழுந்திருக்கும். பெரும்பாலான சாதனங்கள் அதை ரீசெட்டில் மறந்துவிடும். இந்தக் கன்ட்ரோலரின் அந்த 4 கிலோபைட்டுக்குப் பின்னால் நின்றதோ, பவர் போனாலும் மறக்காத ஒரு ஃபிளாஷ் சிப்.

சரிசெய்த விதம்

மூல காரணம் தெரியும் முன்பே காவல் போட்டார்கள் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. கொலையாளி யாரென்று தெரியாது. ஆனால் கதவைப் பூட்டலாம். பேஜ் அளவில் ஃபிளாஷ் மேப்பிங்கைப் படிக்க மட்டும் என்று மாற்றி, யார் எழுத வருகிறார்கள் என்று பிடிக்கப் பார்த்தார்கள். அதைவிட உறுதியான பூட்டு ஹார்டுவேரிலேயே இருந்தது. ஐசிஹெச் ஃபிளாஷ் கன்ட்ரோலரில் 'இந்த முகவரி முதல் இந்த முகவரி வரை எழுதத் தடை' என்று குறிக்க ஒரு ரெஜிஸ்டர் உண்டு. அதைப் போட்டுவிட்டு பூட்டு பிட்டையும் 1 ஆக்கிவிட்டால், ஹார்டுவேர் ரீசெட் வரும் வரை எந்த மென்பொருளாலும் தடையை நீக்க முடியாது. ஈ1000ஈ டிரைவர் ஏறியதுமே இதைச் செய்யும்படி மாற்றினார்கள். தப்பான எழுத்து யாரிடமிருந்து வந்தாலும் பஸ்ஸின் மறுமுனையில் நின்றுவிடும்.

2.6.27 அக்டோபர் 9 அன்று வெளியானபோது இந்தப் பூட்டு இருந்தது, காரணம் இன்னும் தெரியவில்லை. அடுத்த சில நாட்களில் எஃப்டிரேஸ் அகப்பட்டது. அக்டோபர் 15 அன்று வந்த 2.6.27.1 பதிப்பின் வேலை ஒன்றே ஒன்றுதான்: டைனமிக் எஃப்டிரேஸைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்தது.

2.6.28-இல் எஃப்டிரேஸ் வேறு மாதிரி எழுந்து வந்தது. எம்கவுண்ட் அழைப்புகள் இருக்கும் இடங்களை ஓடும்போது சேகரிப்பதை விட்டுவிட்டு, கம்பைல் செய்யும்போதே பட்டியலிட்டார்கள். நொடிக்கு ஒருமுறை விழிக்கும் த்ரெட் போயிற்று. பூட் ஆகும்போதோ மாட்யூல் ஏறும்போதோ திருத்தம் முடிந்துவிடும். தொடக்கக் கோடு பின்தொடரலிலிருந்து விலக்கப்பட்டது. கம்பேர்-எக்ஸ்சேஞ்சும் போயிற்று: முதலில் படி, மென்பொருளில் ஒப்பிடு, பொருந்தினால் மட்டும் தனியாக எழுது. எதிர்பார்க்காதது கண்ணில் பட்டால் சத்தம் போட்டு எச்சரித்துவிட்டு எஃப்டிரேஸ் தன்னையே அணைத்துக்கொள்ளும்.

இவற்றில் எது முக்கியத் திருத்தம் என்று கேட்டால், கட்டளையை மாற்றியதைச் சொல்ல மாட்டேன். படித்தாலே காலியாகும் ரெஜிஸ்டர்கள் இருக்கும் உலகத்தில் 'முதலில் படித்துப் பார்' என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. இனி தன்னுடையதல்லாத முகவரியைப் பட்டியலில் வைத்துக்கொண்டு அலையவே கூடாது என்று முடிவெடுத்தார்களே, அதுதான் திருத்தம்.

முதலில் பழி சுமந்த எக்ஸ் சர்வர் பக்கமும் ஒரு கதவு அடைக்கப்பட்டது. குறிப்பிட்ட பிசிஐ பரப்பு எனக்கு மட்டுமே என்று டிரைவர் உரிமை கோரும் வசதி 2009 மார்ச்சில் வந்த 2.6.29-இல் சேர்ந்தது. அப்படிக் கோரிய பரப்பை யூசர் ஸ்பேஸிலிருந்து (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களிலிருந்து) மேப் செய்ய முடியாது. அதைப் பயன்படுத்திக்கொண்ட டிரைவர்களில் ஒன்று ஈ1000ஈ. எக்ஸ் சர்வர் குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகும், அது குற்றம் செய்திருக்க முடியும் என்ற உண்மை அப்படியேதானே இருந்தது.

ஈ1000ஈ மாட்யூலின் விவரத்தை மாட்இன்ஃபோ கட்டளையில் கேட்டுப் பாருங்கள். அளவுருக்களின் பட்டியலில் 'ரைட்-புரொடெக்ட் என்விஎம்' என்று ஒன்று வரும். இயல்பாகவே ஆன் நிலையில் இருக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், இதை அணைத்தால் என்விஎம் சிதைய வாய்ப்புண்டு என்ற எச்சரிக்கையும் இருக்கும்.